மாடே தண்ணீர் கலந்த நாள்

போன வாரம் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இருக்கும் பேரங்காடியில், பால் அடுக்கியிருக்கும் குளிர்பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நான் பால் வாங்கப் போனால் சீக்கிரம் திரும்ப மாட்டேன் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. என்ன செய்வது, கொழுப்பு நீக்கியது, பாதி நீக்கியது, சுண்ணாம்புச் சத்து சேர்த்தது, ஓட்ஸில் பிழிந்தது, பாதாமில் பிழிந்தது என்று வரிசையாக நிற்கும்போது, இதில் மாட்டிலிருந்து வந்தது எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்படுகிறது.

அப்போது பள்ளிச் சீருடை போட்ட ஒரு பெண், கையில் ஐபேடோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஆன்ட்டி, சயன்ஸ் புரோஜெக்ட் லா. ரெண்டே நிமிஷம். நீங்க எந்த டைப் மில்க் வாங்குவீங்க?”

“தண்ணி கலக்காத பால்.”

அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “அந்த ஆப்ஷன் இல்லையே ஆன்ட்டி.”

கடைசியில் ‘மற்றவை’ என்ற இடத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். கையில் இருந்த பால்பெட்டி ஜில்லென்று உள்ளங்கையைக் கடித்தது. பாலின் ஜில்லிப்பு என்றாலே எனக்கு ஒரு மாடு நினைவுக்கு வரும். எப்படி என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். நான் உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். செராங்கூன் ரோட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் பள்ளி. அங்கே ஓர் அறிவியல் கழகம் இருந்தது. கழகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்கு ஒரு சாவி, அந்தச் சாவியைத் தொலைக்கும் பொறுப்பில் சாமுவேல் சார், பிறகு நாங்கள் பதினோரு பேர். அலமாரியைத் திறந்தால் பினாயிலும் அழுகிய முட்டையும் ஸ்பிரிட்டும் சேர்ந்த ஒரு வாடை வரும். இன்றைக்கும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அந்த வாடையில் பாதி வந்தால் எனக்கு உடனே ஒரு வெள்ளை மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும்.

கழகத்தின் சாதனைகளையும் சொல்லிவிட வேண்டும். சவர்க்காரம் காய்ச்சினோம். அது கடைசிவரை கட்டியாகவில்லை, ஆய்வுக்கூடத் தரையைக் கழுவத்தான் ஆனது, தரையும் ஒரு மாதம் வழுக்கியது. பெட்டி ரேடியோ ஒன்று செய்தோம். அதில் எந்த நேரமும் ஒரே ஒரு சீனக் கதைசொல்லிதான் பேசினார். எங்களில் யாருக்கும் சீனம் தெரியாததால் அவர் நல்ல கதைதான் சொல்கிறார் என்று நம்பிக்கொண்டோம். கழகத்திடம் ஒரு வெப்பமானியும் இருந்தது. அது எங்களுக்கு முந்தைய வகுப்புக்காரர்கள் காலத்திலேயே உடைந்துவிட்டது. புதியது கேட்டு எழுதியிருப்பதாக சார் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்.

நான்தான் கழகத்தின் செயலாளர். அறிவினால் அல்ல, கையெழுத்தினால். எதையும் அழகாக எழுதுவேன், அழகாக வரைவேன். அழகில்லாததை வரையமாட்டேன். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து நடத்தும் அறிவியல் கண்காட்சிக்கு நாங்களும் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று ஆணை வந்தது. சார் அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து, பஞ்சில் சுற்றிய ஒரு கண்ணாடிச் சாமானை எடுத்தார். லாக்டோமீட்டர். பால் சுத்தமா என்று பார்க்கும் கருவி. மெல்லிய குழாய், அடியில் குண்டு. உயரமான சாடியில் பாலை ஊற்றி இதை மிதக்கவிட வேண்டும். நல்ல பால் என்றால் குழாயில் ‘எம்’ என்று போட்ட கோடு பால் மட்டத்தில் வந்து நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் குழாய் கீழே இறங்கி, எம் பாலுக்குள் மூழ்கிவிடும். லண்டனில் செய்தது என்று பெட்டியில் போட்டிருந்தது. அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் எங்களுக்கு?

ஆளுக்கொரு போத்தலில் வீட்டுப் பால் கொண்டுவந்தோம். டானிக் போத்தல், எண்ணெய் போத்தல். ஜமால் கறுப்புச் சோயா கிச்சாப் போத்தலைக் கழுவிக் கொண்டுவந்ததாகச் சொன்னான், பாலின் நிறத்தைப் பார்த்தால் சரியாகக் கழுவவில்லை என்று தெரிந்தது. ஜமாலின் அத்தா பள்ளிக்கு எதிரே தேநீரும் ஐஸ் கச்சாங் என்ற ஐஸ்தூள் இனிப்பும் விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்கு டின் பால்தான். இது அவன் உம்மா வீட்டுக்கு வாங்கிய பால்.

என் பக்கத்து இருக்கை தனலட்சுமி. நாங்கள் தனம் என்போம். அவள் அப்பாதான் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் நான்கு மாடு வைத்திருந்தார். தனம் அன்று விடியற்காலையில் கறந்த பாலை, நுரை அடங்கும் முன்னே தூக்குச் சட்டியில் மூடி, துண்டு சுற்றி, சூடு ஆறாமல் கொண்டுவந்தாள். “எங்கப்பா பள்ளிக்கூடத்துக்குன்னு தனியா கறந்தாரு” என்றாள் பெருமையாக.

பதினோரு பாலிலும் எம் மூழ்கியது. ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றிலும் ஆழமாக மூழ்கியது தனம் கொண்டுவந்த பாலில்.

“மீட்டர் பொய் சொல்லுது” என்றாள் தனம்.

“லண்டன்ல செஞ்சதுடி” என்றேன் நான். அறிவியல் என்பது தனிப்பட்ட விருப்பு வெறுப்புகளுக்கு அப்பாற்பட்டது என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்த வாக்கியத்தை எங்கேயோ படித்திருந்தேன், பயன்படுத்த ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றே பெரிய அட்டையில் ‘நம் வட்டாரப் பாலின் தூய்மை’ என்று தலைப்பிட்டுப் படம் வரைந்தேன். லாக்டோமீட்டரை உயிரோடு இருப்பது போல வரைந்தேன். பதினோரு பாலுக்கும் பதினோரு நிறக் கட்டம். பெயர் போடக்கூடாது, எண் மட்டும்தான் என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அட்டையில் நான் பெயர் போடவில்லை. வாயில்தான் போட்டுவிட்டேன்.

நாங்கள் அப்போது பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தோம். ஏழு குடும்பம், ஒரே அடுப்படி. அடுப்படியில் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன், “நம்ம பால்ல தண்ணியாம்மா, மீட்டர் காட்டிடுச்சு” என்று. அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“அதான் பாத்தேன். தயிர் ஒறையவே மாட்டேங்குது.”

ஏழு அடுப்பிலும் அந்தச் செய்தி கொதிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாவது அறை அக்காவுக்குத் தன் காப்பி ஏன் வெளுத்திருக்கிறது என்று விளங்கிவிட்டது. கடைசி அறை மாமிக்குத் தன் மகன் கணக்கில் ஏன் தோற்றான் என்றே விளங்கிவிட்டது. ஐந்து வீடுகள் மறுநாளே டின் பாலுக்கு மாறின. அம்மா மட்டும் நிறுத்தவில்லை. எல்லாரும்தான் கலக்கிறார்கள், இவராவது வாசலில் கொண்டுவந்து தருகிறாரே என்பது அம்மாவின் பெருந்தன்மை.

தனத்தின் அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பித்தளைப் படியால் அளந்து ஊற்றி முடித்த பிறகு, கேனை இன்னொரு தரம் சாய்த்து ஒரு வீச்சு ஊற்றுவார். “இது பூனைக்கு” என்பார். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. அது அவருக்கும் தெரியும். அந்தப் பூனைப் பாலைத்தான் என் தம்பி டம்ளரில் வாங்கிப் பச்சையாகவே குடிப்பான். மறுநாள் காலை அவர் அளந்தார், ஊற்றினார், கேனை மூடினார். தம்பி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றான்.

“பூனைக்கு?”

“பூனைக்குத் தண்ணிப் பால் எதுக்கு தம்பி?” என்று சொல்லிவிட்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பள்ளிக்குப் போனால் தனம் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். மதியம் நான் நீட்டிய மாங்காயை வாங்கவில்லை. அவள் உறவுக்காரர்கள் எல்லாரும், பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அப்பா ஒருவர்தான் விடாப்பிடியாக அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தே அவருக்குக் கெட்ட பெயர் போயிருந்தது. இன்னும் நான்கைந்து வீடு போனால் ஒரு மாட்டை விற்க வேண்டியதுதான், தனம் பள்ளியை விட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்று ஜமால் என்னிடம் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் மீட்டர் லண்டனில் செய்ததாயிற்றே.

மூன்றாம் நாள் முதல் பாடவேளை. வாசலில் காவல்கார ஜாகா போடும் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தோம். எங்கள் ஜாகா மீசைக்காரர், காவல்காரர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று செய்தது போல இருப்பார். அவர் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டிருந்தார். எதிரே தனத்தின் அப்பா. அவர் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ராணி. ராணி என்பது கொட்டகையிலேயே பெரிய மாடு. ராணிக்குப் பின்னால் கன்று. கன்று இல்லாமல் ராணி பால் விடாதாம். காலையில் கறக்காமல், அப்படியே செராங்கூன் ரோட்டு வாகனங்களுக்கு நடுவே ஓட்டிவந்திருந்தார்.

“மாட்டுக்கு உள்ள அனுமதி இல்ல!” என்றார் ஜாகா.

“மாடு படிக்க வரல. சாட்சி சொல்ல வந்திருக்கு” என்றார் தனத்தின் அப்பா.

சாமுவேல் சார் டையைச் சரிசெய்துகொண்டு ஓடினார். அவர் மறுப்பார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கொண்டுவாங்க. இது சோதனைதானே” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் தொலைத்த அத்தனை சாவிகளையும் நான் மன்னித்துவிட்டேன்.

அலுவலக வாசலில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ராணி நின்றது. மொத்தப் பள்ளியும் ஜன்னலில். கன்று இந்தச் சலசலப்பில் கயிற்றை உருவிக்கொண்டு தையல் வகுப்புக்குள் போய்விட்டது, அங்கிருந்து வந்த கூச்சலை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. அதைப் பிடித்துவந்து ஊட்டவிட்டு, தனத்தின் அப்பா குந்தி உட்கார்ந்தார்.

“வாம்மா, நீதானே எழுதுற ஆளு. கிட்ட வந்து பாத்து எழுது.”

நோட்டோடு கிட்டே போனேன். தனம் தூரத்தில் கைகட்டி நின்றாள். அவர் நேராகச் சாடிக்குள் கறந்தார். நடுவில் யார் கையும் படவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் பக்கத்தில் இல்லை. சார் லாக்டோமீட்டரை மெல்ல இறக்கினார்.

அது இறங்கியது. எம் மூழ்கியது. இன்னும் இறங்கியது. நாங்கள் சோதித்த பதினோரு பாலையும்விட ஆழத்துக்குப் போய் நின்றது.

ஜமால்தான் கேட்டான், “அப்போ மாடே தண்ணி கலக்குதா சார்?”

ஜன்னல்கள் எல்லாம் சிரித்தன. தனத்தின் அப்பா சிரிக்கவில்லை. எழுந்து ராணியின் முகத்தைப் பார்த்தார், “என்னடி இது?” என்று நிஜமாகவே கேட்டார். ராணி பதிலாக அலுவலக வாசலில் சாணி போட்டது.

“வாத்தியாரே, மாடு பொய் சொல்லாது. கண்ணாடியும் பொய் சொல்லாதுன்னு புள்ளைங்க சொல்லுது. அப்ப பொய் சொல்றது யாரு?” என்று கேட்டுவிட்டு அவர் கயிற்றை எடுத்தார். சாருக்கு வியர்த்தது. இடைவேளைக்குப் பிறகு இன்னொரு முறை பார்க்கிறேன், கொஞ்சம் இருங்கள் என்றார். அதுவரை பால் கெட்டுப்போகக்கூடாதே என்று ஜமால் சாடியைத் தூக்கிக்கொண்டுபோய், அவன் அத்தா கடையில் ஐஸ் கச்சாங்குக்கு வைத்திருந்த மரத்தூள் பெட்டிக்குள், பனிக்கட்டிக்கு நடுவே சொருகி வைத்தான்.

இடைவேளை முடிந்து சாடியைக் கொண்டுவந்தார்கள். தொட்டால் விரல் மரத்துப்போகும் ஜில்லிப்பு. சார் லாக்டோமீட்டரை விட்டார். எம் கோடு பால் மட்டத்தில் வந்து, மிதந்து, அப்படியே நின்றது.

அதே பால். அதே மாடு. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குழாய்க்குள் இருந்த அளவுக் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அடியில் எறும்பளவில் ஏதோ எழுதியிருந்தது. “அறுபது டிகிரி” என்று வாசித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். லண்டன்காரர்கள் அந்தக் கோட்டைத் தங்கள் ஊர்க் குளிருக்குப் போட்டிருக்கிறார்கள், பாரன்ஹீட்டில் அறுபது. நம் ஊர் நிழலிலேயே எண்பத்தைந்து. சூட்டில் பால் இளகும், மீட்டர் கூடுதலாக இறங்கும். மடியிலிருந்து வந்த சுடுபால் என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, எவ்வளவு புதிய பாலோ அவ்வளவு பெரிய திருட்டு என்று நாங்கள் தீர்ப்பு எழுதியிருந்தோம்.

தனத்தின் அப்பாவிடம் சார் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எத்தனை பேர்கிட்ட சொன்ன?”

“எங்கம்மாகிட்ட மட்டும்தான் சார்.”

“அப்போ மாடி முழுக்க. போய் ஒவ்வொரு வீடா காட்டிட்டு வா.”

அன்று மாலை சாடியும் மீட்டரும் என் கையில், ஐஸ் வாளி தனத்தின் கையில், ஏழு அறையும் ஏறி இறங்கினோம். தனம் என்னோடு பேசவில்லை, வாளியை மட்டும் நீட்டினாள். பொய்யைப் பரப்பக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது. உண்மைக்கு மூன்று மணி நேரம் ஆனது. “ஐஸ் போட்டா தண்ணியெல்லாம் பாலாயிடுமா?” என்று மூன்றாவது அறை அக்கா கேட்டார். கடைசி அறை மாமி, மகனின் கணக்குக்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்ததால், எங்களை நம்பவே மறுத்தார். எங்கள் அடுப்படியில் அம்மா எம் கோட்டை உற்றுப் பார்த்துவிட்டு, “அதான் பாத்தேன், தயிர் கெட்டியாத்தானே ஒறைஞ்சுது” என்றார். தனத்துக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

ஐந்து வீடுகளும் வாரத்துக்குள் திரும்பின. கண்காட்சிக்கு வேறு அட்டை வரைந்தேன், ‘நம் ஊர் வெயிலும் லண்டன் கோடும்’ என்று. பாலைச் சுடவைத்தும் ஐஸில் வைத்தும் காட்டினோம். நடுவர் ஒருவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, பால் கறக்கும் இடத்திலேயே சரிபார்த்தீர்களா என்று கேட்டார். “மாட்டைப் பள்ளிக்கே கொண்டுவந்துட்டோம் சார்” என்றாள் தனம். அவர் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். முதல் பரிசு, கண் சிமிட்டும் ஓர் இயந்திர மனிதனுக்குப் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசு. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வெப்பமானி.

ஏழு அறையும் ஏறி இறங்கிய மறுநாளே காலையில் தனத்தின் அப்பா அளந்தார், ஊற்றினார். தம்பி டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். அவர் கேனை மறுபடி சாய்த்தார். “பூனை எங்கப்பா?” என்றார்.

பின்னால் கொட்டகைகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. ராணி கடைசியாகப் போனது. இன்று அங்கே நின்றால் சாணி வாடையும் இல்லை, வைக்கோல் வாடையும் இல்லை, எம்ஆர்டி ரயில் நிலையத்தின் குளிர்காற்று மட்டும் காலில் படுகிறது. பள்ளிக்கூடத்தையும் இடித்துவிட்டார்கள். எங்கள் மாடி இருந்த இடத்தை என்னாலேயே சரியாகக் காட்ட முடியாது. தனம் படித்து முடித்து, கெமிஸ்ட்ரி ஆசிரியையாகி, ஓய்வுபெற்று, இப்போது புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறாள். சாரும் இல்லை, அவள் அப்பாவும் இல்லை.

இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அந்த ‘அறுபது டிகிரி’யை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். அட்டைக்கு முன்னால் நோட்டில் படம் வரைந்து பார்த்தபோது அதையும் எழுதத்தான் எழுதினேன். குழாயின் அடியில் அது கோணலாக, அசிங்கமாக இருந்தது. படத்தின் அழகைக் கெடுத்தது. ஏதோ சாமான் எண் என்று நினைத்து அழித்துவிட்டேன்.

பேரங்காடியிலிருந்து வந்ததும் தனத்துக்குப் போன் போட்டேன். அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன், சிரித்தாள். சிரிப்பின் நடுவே இதையும் சொல்லிவிட்டேன்.

“தெரியும்டி” என்றாள் தனம். “ஏழு வீடு ஏறி இறங்கினோமே, அன்னைக்கே உன் நோட்டுல பாத்துட்டேன். பென்சில்ல எழுதி அழிச்சிருந்த. அழிச்சது நல்லாவே தெரிஞ்சுது.”

“அடிப்பாவி, அப்புறம் ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?”

“சொல்லியிருந்தா எங்கப்பா உங்க பூனைக்குப் பால் ஊத்தியிருப்பாரா?”

போனை வைத்துவிட்டு, பால்பெட்டியைத் திறந்து சட்டியில் ஊற்றினேன். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும், அதை இன்னொரு தரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.